போன கொட்டேஷன் ஏன் திரும்பி வந்தது?

உக்கடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“பம்ப் உதிரி பாகம் செய்யற பட்டறைங்க எங்களுது. அப்பா பட்டறையைப் பார்த்துக்கறார். பில், மெயில் எல்லாம் நானுங்க. கம்பெனி பேர்லயே மெயில் ஐ.டி. வெச்சிருக்கோம். போன மாசம் வெப்சைட்டை வேற ஹோஸ்டிங்குக்கு மாத்தினோம். அதுக்கப்புறம் வர்ற மெயில் ஒழுங்கா வருது. ஆனா ஜிமெயில்காரங்களுக்கு நாங்க அனுப்பறது திரும்பி வந்துடுது. ராஜ்கோட் பார்ட்டி ஒருத்தர், ‘உங்க ரேட் வரவே இல்லை’ன்னு ஆர்டரை வேற இடத்துல குடுத்துட்டார். வெப்சைட் பண்ணிக் குடுத்த தம்பி போனை எடுக்கறதில்லீங்க. என்ன பண்றது?”

முதலில் ஒரு ஆறுதல். உங்கள் கொட்டேஷனில் குறை இல்லை. இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் பணமும் செலவாகாது.

இமெயிலுக்கான விதிகள் 1982-ல் எழுதப்பட்டபோது, அனுப்புபவர் உண்மையானவர்தானா என்று பார்க்க அதில் வழியே வைக்கவில்லை. தபால் கவரில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதுபோலத்தான். ‘எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடுங்கள்’ என்று உங்கள் பெயரிலேயே உங்கள் வாடிக்கையாளருக்கு மோசடி மெயில் போவது இந்த ஓட்டை வழியாகத்தான். அதனால் 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் பிடியை இறுக்கின. ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் யாரும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற இரண்டு அத்தாட்சிகளில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். கூடவே டிமார்க் என்ற மூன்றாவதும் வேண்டும்.

இந்த அத்தாட்சிகள் இருக்கும் இடம் டி.என்.எஸ். இணையத்தின் முகவரிப் பதிவேடு அது. உங்கள் வெப்சைட் எந்த கம்ப்யூட்டரில் இருக்கிறது, உங்களுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும், உங்கள் பெயரில் யாரெல்லாம் மெயில் அனுப்பலாம் என்று வரி வரியாக அதில் எழுதியிருக்கும். ஹோஸ்டிங் மாற்றும்போது பல நேரம் இந்தப் பதிவேடும் புது இடத்துக்கு மாறும். அப்போது வெப்சைட் வரியையும் மெயில் வரும் வரியையும் எழுதிவிட்டு, அத்தாட்சி வரிகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்களுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். வரிசையாகப் பாருங்கள்.

1. திரும்பி வந்த மெயிலை அழிக்காதீர்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.7.26 என்றால் அத்தாட்சி இல்லை. 5.7.25 என்றால் அனுப்பும் சர்வருக்கு பி.டி.ஆர். என்ற வரி இல்லை அல்லது பொருந்தவில்லை. இந்தக் கடைசி வரியை நீங்கள் போட முடியாது. சர்வர் கொடுத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

2. பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். ‘நேம் சர்வர்’ எந்த நிறுவனத்தைக் காட்டுகிறதோ, அங்கே போய் மாற்றினால்தான் பலன். டொமைன் வாங்கிய இடத்தில் மணிக்கணக்காகத் திருத்திவிட்டு, ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்பவர்கள் அநேகம்.

3. எஸ்.பி.எஃப். என்பது, உங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ளவர்களின் பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான் இருக்க வேண்டும். மெயில் நிறுவனத்துக்கு ஒன்று, பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள்.

4. டி.கே.ஐ.எம். என்பது முத்திரை. மெயில் நிறுவனத்தின் அட்மின் பக்கத்தில் அதற்கான நீண்ட வரி கிடைக்கும். ஓர் எழுத்து விடாமல் காப்பி செய்யுங்கள். சில ஹோஸ்டிங் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே கடைசியில் சேர்த்துக்கொள்ளும். நீங்களும் எழுதினால் பெயர் இரண்டு முறை வந்துவிடும். முத்திரை வேலை செய்யாது.

5. இவை இரண்டும் சரியான பிறகு டிமார்க். முதலில் ‘நன்’ என்ற, எதையும் தடுக்காத நிலையில் வையுங்கள். எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ வைத்தால் உங்கள் சொந்த மெயிலே மாட்டிக்கொள்ளும்.

6. எம்.எக்ஸ். வரியைத் தொடாதீர்கள். அது உள்ளே வரும் மெயிலுக்கானது. போகும் மெயிலைச் சரிசெய்யப் போய், வரும் மெயிலையும் நிறுத்திவிடக் கூடாது.

மாற்றம் பரவச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பிறகு ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்றிருந்தால் முடிந்தது. அதுவரை அவசர கொட்டேஷனை வேறு புது மெயில் ஐ.டி.யிலிருந்து அனுப்பாதீர்கள், வாடிக்கையாளருக்கு அதுவே மோசடி போலத் தெரியும். போனில் சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்ய லாகின் வேண்டுமே? உங்கள் உண்மையான பிரச்னை அதுதான். சென்னையின் ஜோஹோ நிறுவனத்துக்கே 2018 செப்டம்பர் 24 அன்று ஒரு சோதனை வந்தது. மோசடி மெயில் புகார்களைக் காட்டி, டொமைனைப் பதிவு செய்து கொடுத்த அமெரிக்க நிறுவனம் ஜோஹோவின் டொமைனை முடக்கியது. சர்வர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர்களால்தான் அங்கே போய்ச் சேர முடியவில்லை. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. டொமைன் திரும்பக் கிடைத்த பின்னும் சிலருக்கு உடனே சரியாகவில்லை.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி என்றால், பட்டறையின் சாவி போன் எடுக்காத ஒருவரிடம் இருக்கலாமா? ‘ஹூ இஸ்’ தேடலில் டொமைன் எந்த நிறுவனத்தில் பதிவானது என்று தெரியும். கட்டிய பணத்தின் ரசீது, ஜி.எஸ்.டி. சான்றிதழோடு அவர்களிடம் கேளுங்கள். டொமைன் தம்பியின் பெயரில் பதிவாகியிருந்தால், அவரை நேரில் பார்த்து அப்பா பெயருக்கு மாற்றி வாங்குங்கள். அந்தக் கணக்குக்குக் கம்பெனி மெயில் ஐ.டி.யைக் கொடுக்காதீர்கள். டொமைன் முடங்கினால் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் அதோடு சேர்ந்து முடங்கிவிடும்.

பதிவேட்டில் உள்ள எல்லா வரிகளையும் ஒரு பிரின்ட் எடுத்துப் பட்டறை ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை ஹோஸ்டிங் மாற்றும்போது, எது விட்டுப்போனது என்று அந்தத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.