ஆய்வு நிதி யார் கையில்?

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 1920, 30களில் அடிலெய்டு பல்கலைக்கழகக் குழுக்கள் அவர்களின் தலையை அளந்தன. ரத்தமும் முடியும் சேகரித்தன. கொடுத்தவர்களுக்கு எந்தப் பலனும் கிட்டவில்லை. 2020-22 கணக்குப்படி, பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட 8.8 ஆண்டுகள் குறைவு, பெண்களுக்கு 8.1 ஆண்டுகள். ஆய்வு நிதியும் ஆய்வாளர் பயிற்சியும் இனி அந்த மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்களுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும்.

அவர்களால் முடியுமா என்று கேட்பவர்கள், 'சர்ச்' (SEARCH) என்ற ஆய்வைப் பார்க்கட்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பூர்வகுடி மருத்துவ நிலையங்களின் கூட்டுப் பொறுப்பில், நகர்ப்புறங்களில் வாழும் 1,600க்கும் மேற்பட்ட குழந்தைகளின் நலம் ஆராயப்பட்டது. எதை ஆராய்வது என்பதில் அந்த நிலையங்களுக்கும் குரல் இருந்தது. காது நோயும் பேச்சுத் தாமதமும் பரவலாக இருப்பது தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அறிக்கை அச்சாகும், ஆய்வாளர்கள் ஊர் திரும்புவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. மருத்துவ நிலையங்கள் அந்தத் தரவைக் கொண்டே அரசிடம் நிதி பெற்றன. பிள்ளைகளுக்குக் காது அறுவை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் கிடைத்தன. இந்த ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவர் நூங்கர் இனத்தைச் சேர்ந்த சாண்ட்ரா ஈட்ஸ். முனைவர் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி மருத்துவர் அவர்தான். அந்தப் பட்டம் கிடைத்தது 2003இல். அதுவரை ஒருவர்கூட இல்லை என்பது வெட்கக்கேடு.

சொந்தக்காரர்களே ஆராய்ந்தால் நடுநிலை இருக்காது என்பது பழைய வாதம். வெளி ஆய்வாளர்மேல் நம்பிக்கை இல்லாத வீட்டில் கிடைக்கும் பதில் மட்டும் நடுநிலையானதா? முறைகளைச் சரிபார்க்க வெளி வல்லுநர்கள் வரட்டும். கேள்விகளை ஊர் தீர்மானிக்கட்டும்.

பயிற்சியில்தான் பெரிய ஓட்டை. ஊர் இளைஞர்கள் வீடு வீடாகத் தகவல் திரட்டுகிறார்கள். திட்டம் முடிந்ததும் வேலையும் போகிறது, பெயர் வாங்குவது வேறொருவர். இவர்களை மருத்துவ நிலையத்திலேயே சம்பளத்துடன் பல ஆண்டுகள் வைத்து, முனைவர் பட்டம் வரை கொண்டுபோக வேண்டும். குடும்பத்தைத் தாங்கும் பெண்ணால் சொற்ப உதவித்தொகையை நம்பித் தொலைதூர நகரத்துக்குப் படிக்கப் போக முடியாது.

1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தொடங்கிய, பூர்வகுடி மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்கள் இன்று 140ஐத் தாண்டிவிட்டன. தேசிய மருத்துவ ஆய்வுக் கவுன்சிலும் தன் நிதியில் குறைந்தது 5 சதவீதத்தைப் பூர்வகுடி நலனுக்கு ஒதுக்குகிறது. ஆனால் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் வழியாகவே போகிறது. பூர்வகுடி அமைப்புகளை வலுப்படுத்துவோம், தரவைப் பகிர்வோம் என்று நாட்டின் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் 2020இல் கையெழுத்திட்டிருக்கின்றன. அடுத்த ஒதுக்கீட்டிலேயே பணத்தின் பாதையை மாற்றட்டும்.