பூட்டப்படாத துப்பாக்கியும் பெற்றோரின் அமானிதமும்

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமெரிக்காவில் அந்த அமானிதத்தைக் குறித்து இன்று நீதிமன்றமும் பெற்றோரை விசாரிக்கிறது.

2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் சக மாணவர் நால்வரைச் சுட்டுக் கொன்றான். அத்துப்பாக்கி, சில நாள்களுக்கு முன்பு தந்தை அவனுக்காக வாங்கியது. 2024இல் தாய்க்கும் தந்தைக்கும் தலா 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், சிறார் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிவைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஃப்ளோரிடாவில் இத்தகைய சட்டம் 1989இலேயே இயற்றப்பட்டது. இன்றும் எல்லா மாநிலங்களிலும் இல்லை.

தற்காப்பு ஆயுதத்தைப் பூட்டிவைத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கின்றனர். விரல்ரேகை பட்டதும் திறக்கும் பெட்டிகள் உள்ளனவே! ஒளித்துவைப்பது பூட்டுவதாகாது, நாம் ஒளிக்கும் இடத்தைப் பிள்ளைகள் நன்கறிவர்.

பள்ளிவாசலுக்குள் அம்புகளுடன் வருபவர், எவர் மீதும் காயம் படாதிருக்க அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அம்புக்கே அத்துணைப் பேணுதல் எனில், துப்பாக்கிக்கு எத்துணை வேண்டும்?

அங்கு வாழும் நம் குடும்பத்தார், பிள்ளையைப் பிறர் வீட்டுக்கு விளையாட அனுப்புமுன், "துப்பாக்கி உண்டா? பூட்டியுள்ளதா?" என்று கூசாமல் கேட்க வேண்டும். சட்டம் இல்லாத மாநிலத்தில் வாழ்வோருக்கும் மறுமையில் விசாரணை உண்டு.

அல்லாஹ் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.