சந்தேகம் எழுதினால் போதுமா?

வங்கிக்கு ஒரு கணக்கின் மேல் சந்தேகம் வருகிறது. சந்தேகத்தை எழுதி தில்லிக்கு அனுப்புகிறது. அனுப்பிய கையோடு அந்தக் கணக்கிலிருந்து பணமும் போய்க்கொண்டே இருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பு என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டு, 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி எல்லா வங்கிகளும் நிதி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றங்களின் பட்டியல் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போக வேண்டும். கள்ள நோட்டு வந்தால் அதற்குத் தனி அறிக்கை. எல்லாவற்றிலும் முக்கியமானது சந்தேகப் பரிமாற்ற அறிக்கை. இதற்குத் தொகை வரம்பே கிடையாது. ஆயிரம் ரூபாயானாலும் சந்தேகம் சந்தேகம்தான். இப்படி ஓர் அறிக்கை போயிருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் மூச்சு விடக் கூடாது.

அனுப்பத் தவறினால் அபராதம். 2024-இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்குக்கு 5 கோடியே 49 லட்சம் ரூபாயும், ஆக்சிஸ் வங்கிக்கு 1 கோடியே 66 லட்சம் ரூபாயும் இந்தப் பிரிவு அபராதம் விதித்தது. தேவையில்லாமல் அறிக்கை எழுதியதற்காக எந்த வங்கியாவது அபராதம் கட்டியதாக நான் படித்ததில்லை. அறிக்கை அனுப்பியதற்காக வங்கியின் மேல் யாரும் வழக்குப் போட முடியாதபடி சட்டமே பாதுகாப்பும் தருகிறது. அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இதன் விளைவு என்னவென்று தெரியும். எழுதினால் ஆபத்தில்லை, எழுதாவிட்டால் ஆபத்து என்றால் எவனும் எழுதித் தள்ளுவான். கோப்பு நம் மேஜையை விட்டு நகர்ந்ததா, அத்தோடு நம் தலை தப்பியது.

சரி, எழுதிய பிறகாவது ஏதாவது நிற்கிறதா? இங்கேதான் வேடிக்கை. சந்தேக அறிக்கை அனுப்பிய ஒரே காரணத்துக்காக ஒரு கணக்கின் வரவு செலவுக்கு எந்தத் தடையும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலே சொல்கிறது. அறிக்கையைப் பெறும் பிரிவோ கணக்கை முடக்கும் துறை அல்ல. அது தகவலை ஆராய்ந்து அமலாக்கத் துறைக்கோ வருமான வரித் துறைக்கோ போலீசுக்கோ தள்ளிவிடும். அவர்கள் பார்த்து, யோசித்து, உத்தரவு போடுவதற்குள் பணம் பத்துக் கணக்கு மாறி ஊரை விட்டே போயிருக்கும்.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. 2020 செப்டம்பரில் அமெரிக்க நிதி அமைச்சகத்தின் ஃபின்சென் பிரிவுக்கு வங்கிகள் அனுப்பிய 2,100-க்கும் மேற்பட்ட ரகசிய அறிக்கைகள் வெளியே வந்தன. அவற்றில் இருந்த பரிமாற்றங்களின் மதிப்பு 2 லட்சம் கோடி டாலருக்கு மேல். உலகின் பெரிய பெரிய வங்கிகள் சந்தேகம் என்று எழுதிவிட்டு, அதே ஆட்களின் பணத்தைத் தொடர்ந்து அனுப்பிக் கொடுத்து, அதற்குக் கமிஷனும் வாங்கிக்கொண்டிருந்தன. அறிக்கை அவர்களுக்குப் பாவமன்னிப்புச் சீட்டாகிவிட்டது.

ரிசர்வ் வங்கியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு கிளையில் யாரோ சந்தேகப்பட்டார் என்பதற்காகக் கணக்கை முடக்கினால் அப்பாவி நடுத்தெருவில் நிற்பான். திருடனோ உஷாராகிவிடுவான். ஆனால் முடக்காமல் விடுவதற்கும் காலவரையின்றி முடக்குவதற்கும் நடுவே வழியே இல்லையா?

இருக்கிறது. பள்ளியில் பிரெஞ்சு படித்ததால் அந்த நாட்டுச் சட்டத்தை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கே 1990-இல் அமைத்த பிரிவின் பெயர் த்ராக்ஃபன். வங்கி அனுப்பும் அறிக்கைக்கு 'தெக்லராசியோன் தெ சுப்ஸோன்', அதாவது சந்தேக அறிவிப்பு என்று பெயர். சந்தேகம் வந்தால் முதலில் அறிவிக்க வேண்டும், அதற்குப் பிறகே பணத்தை அனுப்பலாம் என்பது அங்கே பொது விதி. த்ராக்ஃபன் நினைத்தால் அந்த ஒரு பரிமாற்றத்தை 10 வேலை நாட்கள் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் நிறுத்த வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உத்தரவு வரவில்லையா, பணம் போகலாம். நிறுத்துகிற கை எது, எத்தனை நாள், அதன்பின் யார் பொறுப்பு என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே குற்றமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சந்தேகத்துக்கு ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்கிறீர்களா? 'டிஜிட்டல் கைது' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதில் சிக்குபவர்களில் நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர்! சிபிஐ, கஸ்டம்ஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிறார்கள். பயந்து போனவர் ஆயுள் சேமிப்பான ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து, முன்பின் தெரியாத கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் செய்கிறார். அது பெரும்பாலும் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட கணக்கு. இதுவரை சில ஆயிரம் மட்டுமே புழங்கிய கணக்கில் ஒரே நாளில் லட்சங்கள் விழுந்து, அடுத்த மணி நேரத்தில் துடைத்து எடுக்கப்பட்டால் கணினிக்கே சந்தேகம் வரும். வரவும் செய்கிறது. ஆனால் அந்தச் சந்தேகம் அறிக்கையாகப் போகிறது. 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. பணத்துக்கு ராத்திரி பகல் இல்லை, அறிக்கைக்கு மட்டும் ஆபீஸ் நேரமா?

பணம் போன பிறகு என்ன நடக்கிறது? போலீஸ் கடிதம் போகிறது. அந்தப் பணத்தில் நூறு ரூபாய் யுபிஐ வழியாக வந்து விழுந்த பாவத்துக்கு டீக்கடைக்காரரின் கணக்கு முடங்கிய செய்திகளும் வருகின்றன. ஆக, நிறுத்த முடியாது என்பதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, விட வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்கள்.

மாதா மாதம் அதே பென்ஷன் வரும் கணக்குக்கு ஆதாரைக் கொடு, பான் கார்டைக் கொடு, போட்டோவைக் கொடு என்று எண்பது வயதுக்காரரைக் கவுண்டர் கவுண்டராக நிற்க வைக்கும் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கு அந்த வாடகைக் கணக்குகள் மேல் இருந்தால் போதும்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. சந்தேகம் வந்த பரிமாற்றத்தை மட்டும், சில நாட்களுக்கு மட்டும், அதிகாரம் பெற்ற ஓர் அலுவலரின் கையெழுத்தோடு நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் வேண்டும். கெடு முடிந்தால் தானாக விடுபட வேண்டும். தவறாக நிறுத்தியிருந்தால் முறையிட ஒரு வாசல் வேண்டும். நம் பணம் ஒரு நாள் தாமதமாகப் போனால் யாரும் செத்துவிட மாட்டோம். ஒரேயடியாகப் போய்விட்டால் மருந்துக்குக்கூட மிஞ்சாது.

அதுவரை நம்மை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும். வீடியோ காலில் கைது என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. யாராவது அப்படி மிரட்டினால் போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கி தில்லிக்கு எழுதிக்கொள்ளும், அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.