மருந்து பலிக்காதபோது ஈமானைக் குறை கூறலாமா?



நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம். ஆயினும், சிகிச்சை பெற்ற பிள்ளைக்கு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டால், "துஆவில் உறுதி இல்லை, ஈமானில் குறை" என்று பெற்றோரிடமே சொல்லிவிடுவோர் நம்மில் உண்டு. இது பெரும் அநீதி.

கார்-டி சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, புற்றணுவை இனங்காணும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். 2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மற்ற மருந்துகள் பலிக்காத ஒரு சிறுமி இதனால் குணமடைந்தாள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய இத்தகைய சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவிலும் அனுமதி கிடைத்தது.

எனினும் எல்லோருக்கும் இதன் பலன் நிலைப்பதில்லை. இந்த அணுக்கள் பெரும்பாலும் தேடுவது, புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்னும் ஒரே அடையாளத்தை. அதை இழந்துவிட்ட சில புற்றணுக்கள் தப்பிப் பெருகிவிடுகின்றன. சிலருக்கோ, செலுத்தப்பட்ட அணுக்களே களைத்துச் செயலிழக்கின்றன. பிலடெல்பியா ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு நிகழ்வில், தயாரிப்பின்போது ஒற்றைப் புற்றணுவுக்குள் அந்தப் புதிய மரபணு தவறிப் புகுந்து, அதன் சிடி19 அடையாளத்தை மறைத்துவிட்டது. அந்த ஓரணு பெருகியே நோய் திரும்பியது.

இதில் எந்தத் தாயின் துஆ குறைந்தது? ஓர் அணுவின் மேற்பரப்பில் நிகழ்ந்த மாற்றத்திற்கு யாருடைய ஈமானைக் கணக்குக் கேட்பது? நோயால் சோதிக்கப்பட்ட அய்யூப் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் நபியல்லவா?

நோய்க்கு மருந்து பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டத்தால் குணம் கிடைக்கும் என்பதே நபிமொழியின் கருத்து. பொருந்தும் மருந்தைத் தேடுவது மனிதனின் பொறுப்பு. அதனால்தான் சிடி22 போன்ற வேறு அடையாளங்களைத் தேடும் அணுக்களையும், ஒரே வேளையில் இரண்டு அடையாளங்களைத் தேடும் அணுக்களையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

ஆகவே, சகோதர சகோதரிகளே, நோயாளியின் வீட்டிற்குத் தீர்ப்பைச் சுமந்து செல்லாதீர்கள். இரத்தம் கொடுங்கள், செலவில் பங்கெடுங்கள், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு துஆச் செய்யுங்கள். வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.