காணாமற்போன தைவதம்

வாத்தியக்காரர்களில் பல தரம் உண்டு. நாகஸ்வர வித்வானுக்குத் தங்கத் தோடா கிடைக்கிறது. வீணை வித்வானுக்குப் பொன்னாடை கிடைக்கிறது. மௌத் ஆர்கன் வாசிப்பவனுக்கோ, "வேறு வேலை இல்லையா?" என்ற ஆசீர்வாதந்தான் கிடைக்கிறது. சென்ற சில மாதங்களாக நமக்கு அந்த ஆசீர்வாதம் தினந்தோறும் கிடைத்து வருகிறது.

விஷயம் இதுதான். நமது வீட்டுப் பையனுக்குப் பிறந்த நாள் பரிசாக ஒரு மௌத் ஆர்கன் வந்தது. மூன்று நாள் வீடே அதிர்ந்தது. நான்காம் நாள் அது அலமாரிக்குள் போயிற்று. ஏற்கெனவே ஐரிஷ் நாட்டு நடன மெட்டுகளை இசைத் தட்டுகளில் கேட்டு மயங்கியிருந்த நாம், ஒரு நாள் அதை மெல்ல எடுத்து ஊதிப் பார்த்தோம். அன்று பிடித்த சனியன் இன்னும் விடவில்லை.

ஐரிஷ் மெட்டுகளின் அமைப்பு வெகு எளிது. எட்டுத் தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு பகுதி. அதை இருமுறை வாசிக்க வேண்டும். பிறகு எட்டுக் கட்டங்கள் கொண்ட மற்றொரு பகுதி. அதையும் இருமுறை வாசிக்க வேண்டும். ஆக 32 கட்டங்கள். மும்மூன்றாக நடை போடுவது 'ஜிக்'. நான்கு நான்காக ஓடுவது 'ரீல்'. ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இவ்வளவுதானே என்று எண்ணித்தான் நாமும் ஒரு ஜிக்கைப் பிடித்துக்கொண்டோம். ஒரு மாதத்தில் பாடமாகிவிட்டது என்ற பெருமையும் உண்டாயிற்று.

ஒரு நாள் மாலை, பக்கத்து வீட்டில் இருக்கும் பிடில் வாத்தியார் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். நாம் இரண்டு தடவை வாசிக்கும் வரையில் பொறுமையுடன் கேட்டார். பிறகு, "ஸார், நடை நன்றாயிருக்கிறது. ஆனால் கீழே இறங்கும்போது நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே தாவாய்த் தாவுகிறீர்களே, நடுவில் தைவதம் எங்கே போயிற்று?" என்றார்.

நமக்குப் பகீர் என்றது. இசைத் தட்டை மறுபடியும் வைத்துக் கேட்டோம். வாத்தியார் சொன்னது உண்மை. அந்த இடத்தில் தைவதம் ஸ்பஷ்டமாக ஒலித்தது. ஒரு மாத காலமாக நாம் அதை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். அதோடு மெட்டுத் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்!

தைவதத்தைத் தேடிப் புறப்பட்ட பிறகுதான் இந்தச் சிறு பெட்டியின் சூட்சுமம் தெரிய வந்தது. ஜெர்மனியில் ட்ராஸிங்கன் என்னும் ஊரில் 1857 ஆம் ஆண்டில் மத்தியாஸ் ஹோனர் என்பவர் மௌத் ஆர்கன் தொழிலை ஆரம்பித்தார். அங்கிருந்து உலகமெங்கும் இந்த வாத்தியம் பரவியது. நம்மிடம் இருப்பது பத்துத் துவாரம் உள்ளது. ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் இரண்டு பித்தளை ரீடுகள் இருக்கின்றன. ஒன்று மூச்சை ஊதும்போது ஒலிக்கும். மற்றது மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒலிக்கும். 'ரிக்டர்' முறை என்று வழங்கும் சுருதி அமைப்பில், முதல் துவாரத்தில் ஊதினால் ஸ, இழுத்தால் ரி. இரண்டாவதில் ஊதினால் க, இழுத்தால் ப. மூன்றாவதில் ஊதினால் மறுபடியும் ப, இழுத்தால் நி. நான்காவதிலிருந்து ஏழாவது வரையில் ஸப்த ஸ்வரங்களும் ஒழுங்காகக் கிடைக்கின்றன. கீழ் ஸ்தாயியிலோ மத்திமமும் தைவதமும் இல்லவே இல்லை! உச்ச ஸ்தாயியில் நிஷாதம் இல்லை.

இப்படிச் செய்தவர் அறியாமல் செய்துவிடவில்லை. கீழ்த் துவாரங்கள் மூன்றையும் சேர்த்து ஊதினால் ஸ-க-ப என்ற இசைவு பிறக்கிறது. பாட்டுக்குப் பக்கத் துணையாக அது இனிக்கும். பிற்காலத்தில் ஐரிஷ் மெட்டுகள் இதில் ஏறும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். ஐரிஷ் மெட்டுகளோ கீழ்ப் பஞ்சமம் வரையில் இறங்கி, அங்கே தைவதத்தைத் தொட்டுத் திரும்புவதில் தனிப் பிரியம் உள்ளவை. வாத்தியத்தின் பள்ளமும் மெட்டின் பாதையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நாம் விழுந்ததும் அந்த இடத்திலேதான்.

இல்லாத ஸ்வரத்தை எப்படி வரவழைப்பது? மூச்சை வளைத்துத்தான். மூன்றாம் துவாரத்தில் நிஷாதத்தை இழுத்துக்கொண்டே, 'ஈ' என்று இருக்கும் வாயின் உட்புறத்தை 'ஊ' என்று மாற்ற வேண்டும். நாக்கின் பின்புறம் தாழ, ஸ்வரமும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஒரே அறையில் இரண்டு ரீடுகள் குடியிருப்பதால் வரும் விந்தை இது. மேல் ஸ்வரத்தின் ரீடை அடக்கினால் கீழ் ஸ்வரத்தின் ரீடும் விழித்துக்கொண்டு ஒலிக்கிறது. ஆகையால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் வரையில்தான் இறக்க முடியும். மூன்றாம் துவாரத்தில் காகலி நிஷாதத்துக்குக் கீழே கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் ஆகிய மூன்று படிகள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது நடுப்படி. அங்கே மெட்டுக் கிடையாது, கட்டை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. காதுதான் காவல். இரண்டாம் துவாரத்தில் மத்திமத்தைப் பிடிப்பது சற்றுச் சுலபம். அது அடிப்படி ஆகையால் காலை ஊன்றி நின்றுவிடலாம். உச்ச நிஷாதத்தைப் பத்தாம் துவாரத்தில் ஊதும் மூச்சை வளைத்துப் பெற வேண்டும்.

இங்கே நேயர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறோம். ஹார்மோனியமும் ரீடு வாத்தியந்தான். அதன் ஸ்வரங்கள் அசையமாட்டா, கமகம் பிடிக்காது என்று குற்றஞ்சாட்டி, 1940 ஆம் ஆண்டில் ஆல் இந்தியா ரேடியோ அதை விலக்கி வைத்தது. அந்த விலக்குப் பல ஆண்டுகள் நீடித்தது. அதே ரீடுக் குலத்தில் பிறந்த இந்தச் சட்டைப் பை வாத்தியம், மூச்சின் வளைவினால் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்கிறது என்றால் வியப்பாகத்தானே இருக்கிறது?

தைவதம் கிடைத்தால் மட்டும் போதுமா? ஐரிஷ் சங்கீதத்தின் உயிர் அலங்காரங்களில் இருக்கிறது. 'ரோல்' என்பது அவற்றில் முக்கியமானது. ஒரு ஸ்வரம், அதன் மேல் ஸ்வரம், மறுபடியும் அதே ஸ்வரம், கீழ் ஸ்வரம், திரும்பவும் அதே ஸ்வரம் என ஐந்தும் ஜிக்கின் மூன்று சிறு மாத்திரைக்குள் உருண்டோட வேண்டும். குழலில் விரல்களைத் தட்டினால் ஆயிற்று. மௌத் ஆர்கனிலோ பக்கத்து ஸ்வரம் பெரும்பாலும் எதிர் மூச்சில் இருக்கிறது. ஒரு நொடிக்குள் ஊதி, இழுத்து, ஊதி, இழுத்து, ஊத வேண்டும்! ஆகவே கைதேர்ந்தவர்கள் வேறு உபாயங்களைக் கையாளுகிறார்கள். நாக்கு நுனியால் 'தகித' என்பது போல ஒரே ஸ்வரத்தை மூன்றாக வெட்டுவது ஒன்று. மூச்சை மாற்றாமலே அடுத்த துவாரத்தை மின்னல் வேகத்தில் தொட்டு மீள்வது மற்றொன்று. நாக்கினாலே சில துவாரங்களை மூடி, வாயின் ஓரத்தால் மெட்டை வாசித்துக்கொண்டு, நடுநடுவே நாக்கைத் தூக்கித் தாளத்துக்கு இசைவு போடுவது இன்னொன்று. அலங்காரங்களெல்லாம் மெட்டின் நடைக்காக ஏற்பட்டவை. நடையைக் கெடுத்துக்கொண்டு அலங்காரம் செய்வது, மணப்பெண்ணை நகை சுமக்க வைத்துவிட்டு நடக்கவிடாமல் செய்வதற்கு ஒப்பாகும்.

மூச்சு விடுவதும் ஒரு பெரிய பிரச்சினை. ரீல் என்பது இடைவெளியில்லாமல் ஓடும் மெட்டு. பிடில்காரருக்குக் கவலை இல்லை. வில் மூச்சு விடுவதில்லை. குழல் வாசிப்பவர்கள் எந்த ஸ்வரத்தை விட்டுவிட்டு மூச்சு வாங்கலாம் என்று முன்னாலேயே தீர்மானித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் மெட்டு ஊனப்படுவதில்லை; புதிய அழகு பெறுகிறது. மேலும் ஐரிஷ் குழலில் கீழ் ஷட்ஜத்துக்குக் கீழே போக இயலாது. பிடிலுக்காக ஏற்பட்ட தாழ்ந்த ஸ்வரங்கள் வந்தால், குழல்காரர்கள் அவற்றை மேல் ஸ்தாயிக்கு மடித்து வாசிப்பார்கள். இதை அறிந்தபோது, "அப்படியானால் நாம் தைவதத்தை விழுங்கியதும் ஒரு பாடாந்தரந்தானே?" என்று நமது மனம் வக்காலத்து வாங்கப் பார்த்தது. நன்கு யோசித்த பிறகு அது செல்லாது என்று கண்டோம். குழல்காரர் அந்த ஸ்வரம் இருப்பதை அறிந்து அதற்கு மாற்று வழி செய்கிறார். நாமோ அது இருப்பதையே அறியவில்லை. அறிந்து விடுவது வேறு. அறியாமல் விழுங்குவது வேறு.

இந்த வித்தியாசம் அற்பமானதன்று. அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நேர்ந்த பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். சுமார் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அவர்கள் எடுத்துச் சென்ற சொத்துகளில் அழியாதது மெட்டுகளே. கார்க் ஜில்லாவில் 1848 இல் பிறந்த பிரான்ஸிஸ் ஓநீல், சிறு வயதில் கப்பல் வேலைக்குப் போய், பின்னர் சிகாகோ நகரத்தில் போலீஸ் தலைவரானார். தம்மைப் போல் நாடு விட்டு வந்தவர்களின் நினைவில் இருந்த மெட்டுகளைத் திரட்டி, 1903 இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெரிய நூலை வெளியிட்டார். அவருக்கு ஸ்வரப்படுத்தி எழுதத் தெரியாது. அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்ற நண்பர் எழுதினார். அந்நிய ஊரில், காதையும் நினைவையும் நம்பி, ஒவ்வொரு ஸ்வரமாகக் காப்பாற்றிய சொத்து அது. அதிலிருந்து ஒன்றை நாம் கவனக் குறைவால் தொலைக்கலாமா?

ஐரிஷ் மெட்டு நமக்கு முற்றும் அந்நியமும் அன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாகித்யம் செய்ததை நேயர்கள் அறிவார்கள். அந்த நோட்டு ஸ்வரங்களில் ஒன்றான 'வந்தே மீனாக்ஷி', 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்னும் ஐரிஷ் மெட்டில் அமைந்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மாலோ என்பது ஓநீல் பிறந்த அதே கார்க் ஜில்லாவில் உள்ள ஊர். ஐரிஷ் மெட்டுகள் பல சங்கராபரணத்தின் சாயலில் இருக்கின்றன. மற்றும் பல ஹரிகாம்போதி, கரகரப்பிரியா ஆகியவற்றின் ஸ்வரங்களைக் கொண்டவை. கிருகபேதம் அறிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே மௌத் ஆர்கனில் பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்டால் ஹரிகாம்போதி பிறக்கும். ரிஷபத்தைக் கொண்டால் கரகரப்பிரியா பிறக்கும். ஐரிஷ்காரரும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வெக்ஸ்போர்டு ஜில்லாவைச் சேர்ந்த பில் மர்பியும் அவர் புதல்வர்களும், கவான் ஜில்லாவைச் சேர்ந்த எடி கிளார்க்கும் இந்த 'விளையாட்டுச் சாமானை' வைத்தே வித்வான்கள் வரிசையில் இடம் பெற்றார்கள். கிளார்க் கையாண்டது அரை ஸ்வரங்களுக்கென்று பக்கத்தில் ஒரு பொத்தான் அமைந்த பெரிய வாத்தியம். அயர்லாந்தில் 1951 முதல் நடந்து வரும் சங்கீதத் திருவிழாவில் இன்று மௌத் ஆர்கனுக்கென்று தனிப் போட்டியே இருக்கிறது.

தைவதத்துக்கு மற்றொரு குறுக்கு வழியும் உண்டு. நியூஸிலாந்து வித்வானான பிரெண்டன் பவர், மூன்றாம் துவாரத்தில் ஊதும் பஞ்சமத்தை ஒரு முழு ஸ்வரம் உயர்த்தித் தைவதமாக்கிவிட்டார். பஞ்சமந்தான் இரண்டாம் துவாரத்தில் இருக்கிறதே! 'பாடி ரிக்டர்' என்று பெயர் பெற்ற இந்த முறையில் மூச்சை வளைக்காமலே ஸ்வரம் கிடைக்கும். ரீடின் நுனியைச் சிறிது சுரண்டினால் சுருதி ஏறும். நாமும் ஒரு நாள் திருப்புளியும் அரமுமாக உட்கார்ந்துவிட்டோம். மூடியைக் கழற்றும் சமயத்தில் பையன் வந்து நின்றான்.

"அப்பா, அது என்னுடையது அல்லவா?" என்றான்.

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் நமக்கு அதிகமாக உறைத்தது. அரத்தை வைத்துவிட்டோம். பாடி ரிக்டர் முறையில் குற்றம் ஒன்றும் இல்லை. தமக்கென்று வாங்கிய வாத்தியத்தில் தாராளமாகச் செய்யலாம். பிறர் பொருளில் செய்வதற்கு நமக்கு அதிகாரம் ஏது? மூச்சையே வளைப்பது என்று தீர்மானித்தோம்.

நான்கு மாதம் சென்றது. தினம் கால் மணி நேரம். அந்த ஒரு துவாரம். அந்த ஒரு ஸ்வரம். வீட்டில் இருப்பவர்கள் பட்ட துன்பத்தை இங்கே எழுதப் போவதில்லை. சென்ற வாரம் பிடில் வாத்தியார் மறுபடியும் திண்ணைக்கு வந்தார். ஜிக்கை வாசித்தோம். நிஷாதத்திலிருந்து இறங்கும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டோம்.

"தைவதம் வந்துவிட்டது, ஸார்! ஆனால் ஒரு நூலிழை குறைச்சல்" என்றார் வாத்தியார்.

உள்ளேயிருந்து பையன், "இல்லை மாமா, நேற்று இன்னும் குறைச்சலாக இருந்தது!" என்று சாட்சி சொன்னான். அலமாரிக்குப் போன வாத்தியத்தின்மேல் அவன் காது மட்டும் இருந்துகொண்டே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. மறு நாள் காலையில் மௌத் ஆர்கனைக் காணோம். தேடிப் போனால், கொல்லைப்புறத்தில் அவன் மூன்றாம் துவாரத்தை இழுத்துக்கொண்டிருந்தான். நாம் சத்தம் செய்யாமல் திரும்பி வந்துவிட்டோம்.