உறுப்பெல்லாம் இரவல்!

சென்னை அசோக் நகர் அரிமாத்தூணிலிருந்து தெற்கே செல்லும் நூறடிச் சாலை, ஈக்காட்டுத்தாங்கலைக் கடந்து கிண்டித் தொழிற்பேட்டையின் அருகே செல்கிறது. காமராசர் ஆட்சியில் 1958இல் எழுந்தது அப்பேட்டை. மின்னழுத்தச் சீராக்கியும் அளவுக்கருவியும் செய்யும் சிறு பட்டறைகள் இவ்வட்டாரத்தில் உண்டு. பட்டறைக்காரர் தமிழர், பற்றாசு வைக்கும் கை தமிழ்ப்பெண்ணின் கை. ஆனால், அவள்முன் தட்டில் கிடக்கும் மின்னணு உறுப்புகளின் பிறந்தகம் எது?

மின்தேக்கி சப்பானுடையது, மின்தடையம் தைவானுடையது, சுற்றுப்பலகை சீனத்தது, சில்லோ அமெரிக்கர் வரைந்து, தைவானியர் வார்த்து, மலேசியாவில் உறையிடப்பெற்றது. இரிட்சித் தெருவில் கிட்டாத உறுப்பை, ஒன்பதாயிரம் பேர்கூட வாழாத மின்னசோட்டா மாநிலச் சிற்றூர் ஒன்றின் கிடங்கிலிருந்து வானூர்தி வழியே வரவழைக்கின்றனர். ஏழுகோடித் தமிழர் நாடு, ஒரு சிற்றூரின் கிடங்கை எதிர்நோக்கி நிற்கிறது!

“உலகமே கொண்டும் கொடுத்தும் வாழ்கிறது, இதில் என்ன இழுக்கு?” என்பார் உளர். உண்மைதான், எந்நாடும் எல்லா உறுப்பையும் தானே செய்துகொள்வதில்லை. சில்லு வார்க்கும் தைவானும் அதற்குரிய ஒளிப்பொறியை நெதர்லாந்திலிருந்தே பெறுகிறது. ஆனால், தைவான் ஒரு கையால் வாங்கி, உலகிற்கு இன்றியமையாத ஒன்றை மறுகையால் தருகிறது. தமிழன் தருவது எது? கூலி உழைப்பு ஒன்றே! 2020க்குப் பின் சில்லுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது பேரூர்தி ஆலைகளே தடுமாறின. வரிசையின் கடைசியில் நின்ற சிறு பட்டறையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

2024–25இல் தமிழ்நாட்டு மின்னணு ஏற்றுமதி ஏறத்தாழ 1,460 கோடி அமெரிக்க டாலர். இந்திய ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு. பெருமைதான். ஆயின், பிறர் உறுப்பைக் கோத்துத் தருவது ஆக்கம் ஆகாது. அது கோப்பு வேலை. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர் தெருவில் நின்றனர். வேர் இங்கில்லாத மரத்தின் நிழல் எத்துணை நாள் நிற்கும்?

தமிழனுக்கு அறிவில்லையா? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சில்லுகளை வரைந்தது. அவற்றுக்குச் ‘சக்தி’ என வடசொற்பெயர் சூட்டியது வேறு! 2018இல் அவற்றுள் ஒன்று அமெரிக்க இன்டெல் ஆலையிலும், மற்றொன்று பஞ்சாபின் மொகாலியிலும் வார்க்கப்பெற்றன. மூளை இங்கே, உலை அங்கே! 2023, 2024 ஆகிய ஈராண்டுகளில் நடுவணரசு ஒப்பளித்த ஐந்து சில்லுத் திட்டங்களில் நான்கு குசராத்துக்கு, ஒன்று அசாமுக்கு. ஏற்றுமதியில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சில்லாலையில் இடமே இல்லை. இதனை நடுவுநிலைமை என்பவர் எவர்?

குறை வெளியில் மட்டுமன்று, வீட்டிலும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் எந்திரவியலும் மட்டுமே இடம்பெற்றன. மின்னணுவியல் வாயிலிலேயே நின்றது. தடையம், தேக்கி, தூண்டி, இருமுனையம் எனச் சொற்கள் பாடநூலில் உள, பட்டறையில் இல. ஓர் உறுப்பின் பெயரையே இரவல் பெறுபவன், அவ்வுறுப்பைத் தானே செய்யலாம் என்று எண்ணவும் துணியான். கடன்சொல்லும் கடனுறுப்பும் ஒரே நோயின் இரு கூறுகள்.

2025இல் தமிழக அரசு அறிவித்த மின்னணு உறுப்பாக்கத் திட்டம் காலந்தாழ்ந்த நற்றொடக்கம். அப்பணம் பெருமுதலாளியின் வாயிலோடு நின்றுவிடாமல், கிண்டியிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் உள்ள சிறு பட்டறைக்கும் பாய வேண்டும். தடையம், தேக்கி, சுற்றுப்பலகை ஆகிய எளியவற்றையேனும் முதலில் தமிழ்மண்ணிலேயே செய்ய வேண்டும். தொழிற்பயிலகம்தோறும் மின்னணுவியல் தமிழில் நடத்தப்பெற வேண்டும். சில்லாலைக்குரிய பங்கை நடுவணரசிடம் இரவாமல், உரிமையாய்க் கேட்க வேண்டும்.

கோத்துக்கொடுக்கும் கை என்றும் கூலிக்கை. ஆக்கும் கையே ஆளும் கை. தமிழினம் எக்கையாய் இருக்கப் போகிறது?