இடைக்காலப் பயிற்சியாளர்

சையது சாபிர் பாஷா இந்தியன் வங்கி அணியின் முன்கள வீரர். பின்னர் அதே அணியின் பயிற்சியாளர். வங்கி வேலை சோறு போட்டதால் பந்தும் உருண்டது. சேலம், நாமக்கல் பள்ளி மைதானங்களில் வெறுங்காலோடு ஓடும் பையன்களுக்கு இன்று அந்த வாசலும் குறுகிவிட்டது.

2018இல் சென்னையின் எஃப்சி ஐ.எஸ்.எல். பட்டம் வென்றபோது ஜான் கிரிகோரியின் உதவியாளர் பாஷா. 2022 பிப்ரவரியில் பாண்டோவிச் நீக்கப்பட்டதும் அணி அவர் கைக்கு வந்தது, பருவத்தின் மிச்ச ஆட்டங்களுக்கு மட்டும். அடுத்து வந்தவர் ஜெர்மானியரான தாமஸ் பிரடாரிச்.

வெளிநாட்டாரோடு நமக்குப் பகையில்லை. ஆனால் 2021இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட் காலித் ஜமீலை நம்பி அணியை முழுதாக ஒப்படைத்தது. 2025இல் அவர் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். பாஷாவுக்கு ஒரு முழுப் பருவத்தையாவது தந்து பார்த்திருக்கலாம்.